ஜன்னல் ஓரத்து ராஜ்ஜியம்

மண்ணெண்ணெய்ப் பந்தத்துக்குப் பலியாகும் ஒரு சாதாரணக் குளவிக் கூட்டிலிருந்து பரிணாமத்தின் பெரும் புதிர் ஒன்றைப் பிரித்தெடுத்திருக்கிறார் பெங்களூர் விஞ்ஞானி ராகவேந்திர கதக்கர்

நெருளில் சிட்கோ கட்டிய பழைய குடியிருப்புகளில் அடிக்கடி நடக்கும் ஒரு காட்சி. மூன்றாவது மாடி ஜன்னல் கிரில்லின் மூலையில் சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ தொங்குகிறது. வீட்டுக்காரம்மா அலறுகிறார். சொசைட்டி செயலாளருக்குத் தகவல் போகிறது. வாட்ச்மேன் நீளக் கழியில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு வருகிறார், அல்லது பூச்சிமருந்துக் கம்பெனி ஆள் முகமூடியோடு வருகிறார். ஐந்தே நிமிடம். கீழே சிமென்ட் தரையில் இருபது முப்பது குளவிகள் கருகிக் கிடக்க, குழந்தைகள் செருப்புக் காலால் அவற்றைத் தள்ளிப் பார்க்கிறார்கள்.

1970களின் தொடக்கத்தில் பெங்களூர் சென்ட்ரல் காலேஜின் விலங்கியல் துறை ஜன்னல்களிலும் இதே மாதிரிக் கூடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. அங்கே படித்த மாணவர் ஒருவர் மண்ணெண்ணெய் தேடவில்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை ஐம்பதாண்டு வேலையாக நீண்டது. பூச்சிகளின் சமூக வாழ்க்கை எப்படித் தோன்றியது என்ற கேள்வியில் உலகம் இன்று கவனித்துக் கேட்கும் குரல்களில் ஒன்று ராகவேந்திர கதக்கருடையது. அந்தக் குரலுக்கு ஆதாரம், இந்தியத் தீபகற்பம் முழுக்கச் சுவர்களிலும் ஜன்னல்களிலும் கூடு கட்டும் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற ஒரே ஒரு குளவி இனம்.

கதக்கர் 1953இல் கான்பூரில் பிறந்தவர். விலங்கியலில் பட்டமும் முதுகலையும் பெங்களூர் பல்கலைக்கழகத்தில். மாணவப் பருவத்தில் இரண்டு புத்தகங்கள் தன்னை இரண்டு பக்கமும் இழுத்ததாகப் பலமுறை எழுதியிருக்கிறார். ஒன்று, விலங்குகளின் நடத்தையைப் பற்றி கொன்ராட் லோரன்ஸ் எழுதியது. மற்றது, டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டுபிடித்த கதையை ஜேம்ஸ் வாட்சன் சொன்ன புத்தகம். வேலை கிடைக்கும் வழி இரண்டாவதுதான் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் சேர்ந்து, பாக்டீரியாக்களைத் தாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்து 1979இல் டாக்டர் பட்டம் வாங்கினார். பகலில் வைரஸ்; மிச்ச நேரத்தில் குளவி.

பட்டம் வாங்கிய கையோடு அவர் செய்த காரியம் பெற்றோரையும் பேராசிரியர்களையும் கவலைப்பட வைக்கும் ரகம். பொழுதுபோக்கைத் தொழிலாக்கிக்கொண்டு, கற்ற தொழிலைக் கைவிட்டார். அதே கழகத்தில் சூழலியலாளர் மாதவ் காட்கில் அப்போது ஒரு குழுவைக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே கதக்கருக்கு இடம் கிடைத்தது. கணக்கில் தேர்ந்த என்.வி. ஜோஷி துணைக்கு வந்தார். மூலக்கூறு உயிரியலுக்கு மைக்ராஃபியூஜும் கதிரியக்கப் பொருள்களும் இறக்குமதி உரிமமும் வேண்டியிருந்த காலம் அது. குளவிக்கு வேண்டியிருந்தவை சில புட்டி வண்ணப் பூச்சு, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கடிகாரம், ஒரு நாற்காலி. உட்கார்ந்து பார்க்கும் பொறுமை தனி.

அப்படி அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், சார்லஸ் டார்வினிடமிருந்து தொடங்க வேண்டும். எறும்பு, தேனீ, குளவிக் கூட்டங்களில் பெரும்பாலான பெண்கள் முட்டையிடுவதில்லை. தாயின் குஞ்சுகளை வளர்ப்பதிலேயே ஆயுள் கழிந்துவிடுகிறது. அதிகச் சந்ததி விட்டுச்செல்பவையே நிலைக்கும் என்று சொன்னவருக்கு, சந்ததியே விடாத பிறவிகள் எப்படித் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன என்பது பெரும் சங்கடம். 1859இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலிலேயே டார்வின் இந்தச் சிக்கலை ஒப்புக்கொண்டு, குடும்பம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் விடை கிடைக்கலாம் என்று கோடி காட்டிவிட்டு நகர்ந்தார்.

நூறாண்டு கழித்து, 1964இல், வில்லியம் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய இளைஞர் அதைக் கணக்காக்கினார். (1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து வேட்டி குர்த்தாவுக்கு மாறிய ஜே.பி.எஸ். ஹால்டேன் இந்தக் கணக்கின் சாரத்தை முன்பே வேடிக்கையாகச் சொல்லியிருந்தார் என்பார்கள்: இரண்டு சகோதரர்களுக்காக அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காக உயிரைக் கொடுக்கலாம் என்று.) சொந்தப் பிள்ளையைப் பெறுவதும் உறவினரின் பிள்ளையைக் காப்பாற்றுவதும் மரபணுவின் பார்வையில் ஒரே வேலைதான், உறவின் நெருக்கத்துக்கு ஏற்ப மதிப்பு குறையும், அவ்வளவே.

குளவி, தேனீ, எறும்புக் குலத்தில் இதற்கு ஒரு கூடுதல் விசேஷம். ஆண் கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது; அதற்கு அப்பா கிடையாது, ஒரே தொகுதி மரபணுக்கள்தான். எனவே அது தன் மகள்கள் எல்லோருக்கும் அதே தொகுதியை அப்படியே கொடுத்துவிடுகிறது. அக்கா தங்கைக்கு அப்பா வழிப் பாதி முழுவதும் பொது, அம்மா வழிப் பாதியில் பாதி பொது. கூட்டினால் முக்கால். தாய்க்கும் மகளுக்கும் இடையிலோ அரைதான். ஆக, மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம்! இந்தக் கணக்கின் அழகில் உயிரியல் உலகமே மயங்கிப்போனது.

அழகான கணக்கைக் களத்தில் உரசிப் பார்த்தவர்களில் ஒருவர் கதக்கர். அதற்கு அவருக்கு வாய்த்த குளவி பொருத்தமானது. தேனீக் கூட்டில் ராணி வேறு, பணிப்பெண் வேறு; பார்த்தவுடன் தெரியும். பின்னோக்கிப் போக வழியில்லாத சமூகம் அது. மார்ஜினேட்டா அப்படியல்ல. ராணியும் பணிக்குளவிகளும் ஒரே உருவம். எந்தப் பெண்ணும் கூட்டை விட்டுப் பறந்துபோய்த் தனிக்கூடு கட்டலாம், சிலர் சேர்ந்து கட்டலாம், இருந்த இடத்திலேயே காத்திருந்து ராணியாகலாம், அல்லது கடைசிவரை உழைத்துச் சாகலாம். சமூக வாழ்க்கை உருவாகும் இடத்தில் நின்று பார்ப்பது போன்றது இது. குளிர்நாட்டுக் குளவிகளைப்போலப் பனிக்காலத்தில் கூடு கலைவதும் இல்லை; இங்கே வருடம் முழுக்கக் கட்டுகின்றன.

பார்த்ததில் முதல் பிரச்சினை: ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறது. அப்பாக்கள் வெவ்வேறு என்றால் முக்கால் கணக்கு அடிபட்டுப்போகிறது. சகோதரிகளின் சராசரி நெருக்கம் ஏறக்குறைய அரைக்கு இறங்கிவிட்டது. இரண்டாவது பிரச்சினை இன்னும் பெரியது. ராணிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருத்தி போய் இன்னொருத்தி வரும்போது, பழைய பணிக்குளவிகள் புது ராணியின் குஞ்சுகளை அதே சிரத்தையோடு வளர்க்கின்றன. தங்கைகளை மட்டுமல்ல, அக்காள் மகள், சித்தி மகள், அதற்கும் தள்ளிய உறவு வரை. நெருக்கம் அரைக்கும் கீழே போய்விடுகிறது. சரி, கூட்டுக்குள் நெருங்கிய சொந்தத்தை அடையாளம் கண்டு அதற்கு மட்டும் ஊட்டுகின்றனவோ? அதற்கும் சோதனை நடந்தது. தன் கூட்டுக்காரி யார், வெளியாள் யார் என்று அவற்றுக்குத் தெரிகிறது. ஆனால் அந்த அடையாள வாசனை பிறந்த கூட்டிலிருந்தே ஒட்டிக்கொள்கிறது. ஒரே கூட்டில் வளர்ந்த முழுத் தங்கையையும் பாதித் தங்கையையும் அதைக்கொண்டு பிரித்தறிய வழியில்லை.

ரத்த பாசம் மட்டும் போதாது என்றால் வேறு என்ன? கதக்கரின் முக்கியமான பங்களிப்பு இங்கேதான் இருக்கிறது. ஹாமில்டனின் சூத்திரத்தில் உறவு ஒரு பகுதிதான். செலவும் வரவும் மற்ற பகுதி. எல்லோரும் உறவையே அளந்துகொண்டிருந்தபோது அவர் செலவையும் வரவையும் எண்ணினார்.

கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பெண் குளவிகளைத் தனித்தனிக் கூண்டில் போட்டு, வேண்டிய உணவும் கூடு கட்டப் பொருளும் கொடுத்துப் பார்த்தார்கள். போட்டி இல்லை, அடக்க ஆளில்லை. ஆனாலும் ஏறக்குறையப் பாதிதான் கூடு கட்டி முட்டையிட்டன. புழுப் பருவத்தில் நன்றாக ஊட்டப்பட்டவை தாயாயின. அரைப்பட்டினியாக வளர்ந்தவை இயலாமல் செத்தன. தனியாகப் போனால் ஒன்றும் தேறாது என்ற நிலையில் இருப்பவளுக்கு, பிறர் குஞ்சை வளர்ப்பது தியாகமல்ல, கிடைத்த வாய்ப்பு.

அதைவிடக் கூர்மையானது அவர் 1990இல் முன்வைத்த வாதம். முட்டை குளவியாக முழு வளர்ச்சி பெற இந்த இனத்துக்குச் சுமார் இரண்டு மாதம் ஆகிறது. பணிக்குளவியின் சராசரி ஆயுளோ ஒரு மாத அளவுதான். தனிக்கூடு கட்டியவள் நாற்பதாம் நாள் செத்தால் அத்தனை உழைப்பும் பூஜ்யம். அரைகுறைப் புழுக்கள் எறும்புக்கு இரை. கூட்டத்தில் இருந்தவள் பத்தாம் நாள் செத்தாலும், அவள் ஊட்டிய பத்து நாள் வீணாகாது. மிச்சத்தை மற்றவர்கள் ஊட்டி ஆளாக்குவார்கள். சொந்தமாக மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கிக் கூரை போடுவதற்குள் கண்ணை மூடியவர் கதையையும், கூட்டுறவு ஹவுசிங் சொசைட்டியில் தவணை கட்டிக்கொண்டிருந்தவர் கதையையும் ஒப்பிட்டுக்கொண்டால் புரியும். உறுதியான பலன் என்பதுதான் இந்தக் கருத்தின் சுருக்கம். இதற்கு மரபணு வினோதம் எதுவும் தேவையில்லை. கரையான்களிடம் அந்த முக்கால் கணக்கு கிடையாது, ஆனாலும் அவை மாபெரும் சமூகங்களாக வாழ்கின்றனவே என்ற பழைய கேள்விக்கும் இது வழிவிடுகிறது.

உறவு, உடல் தகுதி, ஆயுள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, பெண் குளவிகளில் சுமார் 95 சதவீதம் பணிக்குளவியாக இருப்பதே லாபம் என்று விடை வந்தது. இயற்கையில் தனிக்கூடு கட்டப் போகிறவர்களும் உண்மையிலேயே ஒரு சிறு பகுதிதான். இதையெல்லாம் தொகுத்து அவர் எழுதிய பெரிய நூலை 2001இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. ஒரே ஒரு இந்தியக் குளவிக்கு ஹார்வர்டில் ஒரு முழுப் புத்தகம்!

2010இல் இந்தத் துறையில் ஒரு பெரிய சண்டை வெடித்தது. எறும்பு ஆராய்ச்சியின் பிதாமகரான எட்வர்டு வில்சன், கணித வல்லுநர்கள் மார்ட்டின் நோவாக், கொரினா தார்னிட்டா ஆகியோருடன் சேர்ந்து, உறவுக் கணக்கே தேவையற்றது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு 137 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு மறுத்தார்கள். உறவை மட்டுமே பிடித்துக்கொண்டவர்களும் உறவைத் தூக்கி எறிந்தவர்களும் மோதிய அந்தக் களத்தில், சூத்திரத்தின் எல்லாப் பகுதிகளையும் அளக்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த பெங்களூர்க்காரரின் நிலை எவ்வளவு நிதானமானது என்பது தெரிந்தது. சத்தம் போடாதவர்களுக்குத் தலைப்புச் செய்தியில் இடம் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கும் பிடிக்கும் பகுதி இனிமேல்தான். கூட்டின் அரசியல்.

ஆரம்ப நாள்களில் கதக்கரும் ஜோஷியும் ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் பொட்டு வைத்து, யார் எவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள் என்று மணிக்கணக்கில் குறித்துக் கணக்குப் போட்டார்கள். குளவிகள் தாமாகவே மூன்று ஜாதியாகப் பிரிந்தன: சும்மா உட்கார்ந்திருப்பவர்கள், சண்டை போடுபவர்கள், இரை தேடப் போகிறவர்கள். 1983இல் இது வெளியானது. ராணி எந்த வகை? சண்டைக்காரி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் குளவிகளில் ராணி முட்டி மோதிக் கடித்துத்தான் மற்றவர்களை அடக்கிவைக்கிறது. இதன் நெருங்கிய உறவான இன்னொரு இந்தியக் குளவியிலும் அப்படியே. மார்ஜினேட்டாவின் ராணியோ உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி! யாரையும் அதட்டுவதில்லை, யாரும் அவளை எதிர்ப்பதும் இல்லை, கூட்டில் முட்டையிடுவது அவள் மட்டும்.

அப்படியானால் சண்டை எதற்கு? பணிக்குளவிகள் ஒன்றையொன்று துரத்துவதும் கடிப்பதும் பதவிக்காக அல்ல, ‘கூட்டில் பசி, போய் இரை கொண்டுவா’ என்பதற்கான சமிக்ஞை என்று தெரியவந்தது. கூட்டில் இருப்பவர்களின் பசி ஏறினால் அதட்டல் ஏறுகிறது. கையால் ஊட்டிவிட்டால் அதட்டல் இறங்குகிறது. ராணியின் உத்தரவு இல்லாமலேயே நிர்வாகம் நடக்கிறது.

ராணி ஆள்வது வாசனையால். வயிற்றின் நுனியைக் கூட்டின் பரப்பில் அடிக்கடி தேய்த்துவிட்டுப் போகிறாள். டுஃபோர் சுரப்பி என்ற சிறு பையிலிருந்து வரும் ரசாயனம் அது. ராணியின் சுரப்பியை எடுத்து அரைத்து, ராணியில்லாத கூட்டில் தடவினால் அங்கே ஏற்பட்ட பதற்றம் தணிகிறது. பணிக்குளவியின் சுரப்பியைத் தடவினால் தணிவதில்லை.

அந்தப் பதற்றம்தான் உச்சகட்டக் காட்சி. ராணியைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால், அரைமணி நேரத்துக்குள் ஒரே ஒரு பணிக்குளவி ஆவேசம் வந்தது போலாகிறது. நேற்றுவரை பத்தோடு பதினொன்றாக இருந்தவள் கண்டவர்களையெல்லாம் கடித்துத் துரத்துகிறாள். மற்றவர்கள் பணிந்துபோகிறார்கள். ராணியைத் திரும்ப விட்டால், ஒன்றுமே நடக்காதது போல் இவள் அடங்கிவிடுகிறாள். ராணி வராமலே போனால் நாளுக்கு நாள் ஆவேசம் குறைந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் முதல் முட்டையை இட்டுவிட்டு, இவளும் சாதுவான ராணியாகிவிடுகிறாள்.

யார் அடுத்த ராணி என்று ராணி இருக்கும்போதே சொல்ல முடியுமா? வயது, உடல் பருமன், சூலகத்தின் வளர்ச்சி, சண்டையில் நிலை என்று எதை அளந்தும் கதக்கரின் மாணவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வயதில் மூத்தவளாக இருக்கப் பெரும்பாலும் வாய்ப்பு, அவ்வளவே. நமக்குத் தெரியவில்லை, குளவிகளுக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். குளவியிடம் எப்படிக் கேட்பது?

அனிந்திதா பத்ராவும் கதக்கரும் 2008இல் வெளியிட்ட சோதனை அதற்கான பதில். கூட்டை இரண்டாக வெட்டி நடுவே கம்பி வலை வைத்தார்கள். குளவிகளைக் கலைத்து இரண்டு பக்கமும் பிரித்து விட்டார்கள். ராணி ஒரு பக்கம். ராணியில்லாத பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். பிறகு ராணியைப் பக்கம் மாற்றினார்கள். தகுதியானவளே முதலில் எழுந்திருந்தால், இரு பக்கத்துக் குளவிகளும் அவளையே ஏற்றன. அவள் உண்மையான வாரிசு இல்லையென்றால், மறுபக்கத்தில் வேறொருத்தி எழுந்தாள். அவளை இரு பக்கத்தாரும் ஏற்றார்கள். முதலில் எழுந்தவள்கூட அவளோடு ஒரு கடி, ஒரு மோதல் இல்லாமல் ஒதுங்கிக்கொண்டாள். பட்டத்து வாரிசு யார் என்று கூட்டில் எல்லோருக்கும் முன்பே தெரியும், மனிதர்களுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அதோடு நிற்கவில்லை. அலோக் பாங் என்ற மாணவர், ராணியை எடுத்து, அடுத்து எழுந்தவளை எடுத்து, அதற்கும் அடுத்தவளை எடுத்து என்று போய்ப் பார்த்தார். ஐந்து பேர் வரை ஒருவர் பின் ஒருவராக, தகராறில்லாமல் எழுந்தார்கள். 2012இல் இது வெளியானது. ஐந்தாம் வாரிசு வரை அடிதடியில்லாத வரிசை என்று படிக்கும்போது நம் அரசியல் கட்சிகளின் நினைவு வந்தால் அது வாசகரின் பொறுப்பு.

ஆண் குளவிகளையும் விட்டுவைக்கவில்லை. பிறந்த ஒரு வாரத்துக்குள் கூட்டை விட்டுப் போய்விடும் இவை எந்த வேலையும் செய்வதில்லை என்பது ஊரறிந்த விஷயம். செய்யத் தெரியாதா, செய்ய வாய்ப்பில்லையா? ருசிரா சென்னும் கதக்கரும் பெண்களையெல்லாம் அப்புறப்படுத்தி, ஆண்களுக்குத் தாராளமாக உணவைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். பசித்த புழுக்களுக்கு ஆண்கள் ஊட்டத் தொடங்கின. பெண்கள் அளவுக்குத் திறமையில்லை, ஆனால் ஊட்டின.

தமிழில் குளவிக்கு நெடிய கதை உண்டு. சங்க இலக்கியத்தில் குளவி என்றால் காட்டு மல்லிகையும்தான். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற வாக்கைப் பக்திக்கும் குருவருளுக்கும் உவமையாக நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறோம். அது மண்கூடு கட்டும் தனிக் குளவியைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை. உண்மையில் உள்ளே வைக்கப்படும் புழு, குளவிக் குஞ்சுக்கு உணவு. கூட்டமாக வாழும் காகிதக் குளவியை நாம் கொட்டுமா கொட்டாதா என்பதற்கு மேல் பார்க்கவில்லை. தஞ்சை மண்ணில் பிறந்து இமயத்தின் உயரங்களில் பூச்சி தேடிய எம்.எஸ். மணி, சென்னை லயோலா கல்லூரியில் இலைப்பேன்களுக்காகவே ஒரு ஆராய்ச்சி மரபை வளர்த்த டி.என். அனந்தகிருஷ்ணன் போன்றவர்களின் பெயரும் நம் பாடப்புத்தகங்களில் இல்லை.

கதக்கருக்குக் கௌரவங்கள் குறையில்லாமல் வந்தன. 1993இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு, 2006இல் அமெரிக்க தேசிய விஞ்ஞான அகாதமியின் வெளிநாட்டு உறுப்பினர் தகுதி, 2014 முதல் 2016 வரை இந்திய தேசிய அறிவியல் அகாதமியின் தலைவர் பதவி. ஆனால் அவர் அடிக்கடி திரும்பி வரும் பேச்சு வேறு. விலையுயர்ந்த கருவி இல்லையே, மானியம் இல்லையே என்று அங்கலாய்க்கும் இந்தியக் கல்லூரி ஆசிரியர்களிடம், காசில்லாமல் செய்யக்கூடிய, ஆனால் உலகத் தரத்துக்குக் குறையாத ஆராய்ச்சி கண்ணெதிரே இருக்கிறது என்கிறார். விலங்கு நடத்தையில் அப்படிச் செய்யப்பட்ட சோதனைகளை விளக்கி 2021இல் மாணவர்களுக்காக ஒரு நூலே எழுதினார். கருவி பெரிதானால்தான் பதவி பெரிதாகும் என்று பழகிவிட்ட நிறுவனங்களில் இந்தப் பேச்சு எவ்வளவு எடுபடும் என்பது சந்தேகம். ஆனால் அவர் மாணவர்களிடம் எடுபட்டிருக்கிறது. வாரிசுச் சோதனையைச் செய்த அனிந்திதா பத்ரா கொல்கத்தா அருகே ஐசர் நிறுவனத்தில் தெருநாய்களின் நடத்தையை ஆராய்கிறார். அதற்கும் தெருவுக்குப் போனால் போதும்.

மார்ஜினேட்டாவின் கூட்டுக்கு வாட்ச்மேனுக்கு முன்பே ஒரு எதிரி உண்டு. வெஸ்பா ட்ராபிகா என்ற பெரிய குளவி வந்து உட்கார்ந்தால், கொட்டத் தெரிந்த இந்தக் குளவிகள்கூடச் சண்டை போடாமல் விலகிவிடுகின்றன. வந்தது அறை அறையாகப் புழுக்களை உருவித் தின்றுவிட்டுப் போகிறது. பிழைத்தவர்கள் சில சமயம் பக்கத்திலேயே புதுக்கூட்டுக்கு அடித்தளம் போடுகிறார்கள். மரத்தைச் சுரண்டிய நார், எச்சில், ஒரு சிறு காம்பு, அதன் கீழே முதல் அறை.

விடை தெரியாதது ஒன்று இன்னும் பாக்கி. அடுத்த ராணி யார் என்று அத்தனை குளவிகளுக்கும் தெரிகிறது. எதை வைத்துத் தெரிகிறது என்பதை இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. சொல்ல விரும்புகிறவருக்கு வேண்டியது ஒரு ஜன்னலும் நான்கு நிற வண்ணமும்தான்.